ஆஸ்பத்திரிக்கு எதிரே நிறுத்திய காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ரசீது இல்லாமல் 3,500 கேட்கிறார்கள், என்ன செய்வது?

கல்மண்டபம்77:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

போன வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும், அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ராயபுரத்தில் எங்கள் தெரு ரொம்பக் குறுகல், ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்புவதற்குள் நேரம் போய்விடும் என்று அவருடைய வேகன் ஆரிலேயே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே கார் நிறுத்த இடம் இல்லை. அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டு வெளியே வந்து, எதிர்ப்பக்கம் இரண்டு ஆட்டோவுக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் வண்டியை விட்டு, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு உள்ளே ஓடினேன். அங்கே போர்டு இருக்கிறதா என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை.

காலையில் ஆறரை மணிக்கு டீ வாங்க வெளியே வந்தால் வண்டியைக் காணோம். திருடிவிட்டார்கள் என்றே நினைத்தேன், கை கால் ஓடவில்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "அஞ்சு மணிக்கே ரெக்கவரி வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சு தம்பி. மைக்ல நம்பர் சொல்லிக் கூப்பிட்டாங்க, யாரும் வரல." 100-க்குப் போன் செய்து எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கே அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள், அம்மாவுக்கு மூட்டு வலி, மாடி ஏறி இறங்க முடியாது, நான் ஒரே பிள்ளை. இன்றைக்குத் திங்கட்கிழமை, இன்றைக்குத்தான் போக முடிந்தது.

நோ பார்க்கிங் அபராதம் 500, இழுத்து வந்த கூலி 1,800, நிறுத்தி வைத்த வாடகை நாளைக்கு 400 வீதம் மூன்று நாளுக்கு 1,200, ஆக 3,500 என்கிறார்கள். அதுவும் அங்கே ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரெக்கவரி வண்டி ஆள்தான் கணக்குச் சொன்னார், ரசீது கேட்டால் "அதெல்லாம் கிடையாது சார், ரொக்கமா குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். ஸ்டேஷனில் கேட்டால் ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வர வேண்டும் என்கிறார்கள். அப்பா ஐ.சி.யு.வில் இருந்து வார்டுக்கே நேற்றுத்தான் வந்தார், அவர் எப்படி வருவார்?

வண்டியைப் போய்ப் பார்த்தேன். முன் பம்பர் இடது பக்கம் கிளிப் விட்டுத் தொங்குகிறது. பின் டயர் இரண்டிலும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இன்ஷூரன்ஸ் முடிந்து பதினோரு நாள் ஆகிறது, இன்றைக்குத்தான் கவனித்தேன்.

நான் நிறுத்தியது தப்பு, அபராதம் கட்டத் தயார். ஆனால் மீதிப் பணத்துக்குக் கணக்கு எங்கே? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோல்கேட்_ஆட்டோ:

தம்பி, அப்பா தேறி வந்தாரே, அது போதும். நம்ம அனுபவத்தில் சொல்கிறேன், கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துவிடு. ஒரு நாள் தள்ளினால் இன்னொரு 400. நீ நியாயம் பேசி ஜெயிப்பதற்குள் வாடகையே அசலைத் தாண்டிவிடும். என் ஆட்டோவை ஒரு தடவை பிடித்து வைத்தபோது நான் வீம்பு பிடித்து ஒன்பது நாள் போகாமல் இருந்தேன். ஒன்பது நாள் சவாரி போச்சு, பேட்டரியும் போச்சு.

கோர்ட்_பழைய_குமாஸ்தா:

டோல்கேட் அண்ணன் சொல்வதில் பாதி சரி, தள்ளிப்போடக் கூடாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுப்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜார்ஜ் டவுன் கோர்ட் பக்கம் 22 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான், வண்டி விஷயமாக அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பி, முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 127-ஆம் பிரிவு. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆள் இல்லாமல் கிடக்கும் வண்டியையும், நிறுத்தக் கூடாது என்று தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும் இழுத்துப்போக யூனிஃபார்மில் இருக்கிற போலீஸ் அதிகாரி உத்தரவு போடலாம். "ஆறு மணி நேரம்தானே நின்றது" என்று பலர் வாதாடுவார்கள், அது எடுபடாது, தடை செய்த இடம் என்றால் நேரக் கணக்கே கிடையாது. இழுத்த செலவை வண்டி உரிமையாளர்தான் ஏற்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் "இழுத்த கூலி தரவே மாட்டேன்" என்று போய் நிற்காதே. உன் கேள்வி வேறு. இந்தக் கூலியை யார் நிர்ணயித்தது, எந்த உத்தரவு, யார் பெயரில் ரசீது. இந்த மூன்றை மட்டும் கேள், அதையும் மரியாதையாகக் கேள்.

அப்புறம், மூன்று தொகையையும் ஒரே மொத்தமாக நினைக்காதே. அபராதம் தனி, அது அரசுக்குப் போகிற பணம். இ-செலான், அதாவது ஆன்லைன் அபராதச் சீட்டு, போட்டிருந்தால் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைக் கொடுத்தாலே வந்துவிடும், ஆன்லைனிலேயே கட்டிவிட்டு அந்த ரசீதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போ. 500 என்று சொன்னது சரியான தொகைதான், 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறலுக்கு முதல் தடவை 500, மறுபடி பிடிபட்டால் 1,500. இன்றைக்கு வரை செலானே வரவில்லை என்றால் அதையும் கேள், எந்தக் குற்றத்துக்கு வண்டியை எடுத்தார்கள் என்பதற்கே அதுதான் ஆதாரம். நாள் வாடகைதான் எனக்கு உறுத்துகிறது. இழுத்த செலவைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, சரி. ஸ்டேஷன் பக்கத்தில் வெயிலில் நிறுத்தியதற்கு ஒரு தனி ஆள் 400 கேட்டால் எந்த உத்தரவின் கீழ் என்று காட்டச் சொல்.

ஆர்.சி. அப்பா பேரில் இருப்பது பெரிய விஷயமே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் "நான் ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருப்பதால் என் வண்டியைப் பெற்றுக்கொள்ள என் மகனுக்கு அதிகாரம் அளிக்கிறேன்" என்று எழுதி, வண்டி நம்பர் போட்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கு. கை நடுங்கினால் ரேகை வைக்கட்டும், பக்கத்தில் ஒரு சாட்சி கையெழுத்து. அவர் ஆதார் நகல், உன் ஆதார், உன் லைசென்ஸ், ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டின் நகல். ஆர்.சி. வீட்டில் எங்கே என்று தேடிக்கொண்டிருக்காதே, அப்பாவின் போனில் டிஜிலாக்கரோ எம்பரிவாகனோ இருந்தால் அதைக் காட்டினாலே செல்லும். மத்திய மோட்டார் வாகன விதி 139-ஐ 2018-லேயே திருத்தி இதைச் சேர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று, உன்னுடையது வெறும் பார்க்கிங் விஷயம், கோர்ட்டுக்குப் போகாமலே முடிந்துவிடும். ஆக்சிடென்ட் கேஸிலோ வேறு குற்ற வழக்கிலோ பிடித்த வண்டி என்றால் மாஜிஸ்திரேட் முன்னால் மனு போட்டுத்தான் எடுக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவை வைத்து அதை 451, 457 மனு என்போம், 2024 ஜூலை 1-இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். வந்த பிறகு அது பிரிவு 497, 503. அதற்கும் பயப்பட வேண்டியதில்லை. 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, பிடித்த வண்டிகளை ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் துருப்பிடிக்க விடாதீர்கள், பிணையும் பத்திரமும் வாங்கிக்கொண்டு சீக்கிரம் கொடுத்துவிடுங்கள் என்று. ஸ்டேஷன் வாசலில் செடி முளைத்துக் கிடக்கிற வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதில் பாதிக்கு மேல் ஒரு மனு போட ஆள் இல்லாமல் கிடப்பவை.

வியாசை_மெக்கானிக்:

நான் வியாசர்பாடியில் ஷெட் வைத்திருக்கிறேன், அதற்கு முன்னால் மூன்று வருஷம் ரெக்கவரி வண்டி ஓட்டினேன். சட்டம் எனக்குத் தெரியாது, வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய டயர் விஷயத்தைப் படித்ததுமே என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது. வேகன் ஆர் முன் சக்கரத்தில் ஓடுகிற வண்டி. முன் பக்கத்தைத் தூக்கி இழுப்பதுதான் முறை, அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள், அதனால் கியர் பாக்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தில். நீங்கள் இழுத்து வைத்துவிட்டுப் போனீர்கள், கதவு பூட்டியிருந்தது, அவர்களால் இறக்க முடியாது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பின் சக்கரத்துக்கு அடியில் சின்னச் சக்கரம் வைத்த டாலியைக் கொடுத்துத்தான் இழுக்க வேண்டும். அதை மாட்டப் பத்து நிமிஷம் ஆகும், அந்தப் பத்து நிமிஷத்துக்கு இன்னொரு வண்டியைத் தூக்கிவிடலாம் என்று நிறைய பேர் மாட்டுவதில்லை. சுற்றாமல் பூட்டிய சக்கரத்தைத் தார் ரோட்டில் அப்படியே தேய்த்துக்கொண்டு போனால் ஒரே இடம் தேய்ந்து தட்டையாகிவிடும். உங்கள் மேல் தப்பில்லை, நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடத்தான் வேண்டும்.

நாளைக்குப் போகும்போது வண்டியில் கை வைப்பதற்கு முன்னால், பணம் கொடுப்பதற்கும் முன்னால், போட்டோ எடுங்கள். நாலு பக்கம், நாலு டயர், பம்பருக்கு அடியில் குனிந்து ஒன்று, இழுவைக் கொக்கி மாட்டிய இடம், மீட்டரில் கிலோமீட்டர். ஒரு வீடியோவும் எடுங்கள், அதில் ஸ்டேஷன் சுவரோ போர்டோ தெரிய வேண்டும், வண்டி அங்கே இருக்கும்போதே அடி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வண்டி வெளியே வந்த பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் "வழியில நீங்க இடிச்சிருப்பீங்க" என்பார்கள்.

ஸ்டார்ட் செய்ததும் ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, இரண்டடி முன்னே இரண்டடி பின்னே நகர்த்திப் பாருங்கள். பின் சக்கரம் விடாமல் பிடித்துக்கொண்டால் டிரம்முக்குள் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம், போன் போடுங்கள், வந்து கழற்றிக் கொடுக்கிறேன். விட்டுவிட்டது என்றால் முப்பதுக்கு மேல் போகாமல் ஷெட்டுக்குக் கொண்டு வாருங்கள். தட்டையான டயரில் வேகம் போனால் தட தடவென்று அடிக்கும், மழை நாளில் அந்த டயரை நம்பவே கூடாது. பம்பர் கிளிப் சின்னச் செலவுதான்.

கோர்ட்_பழைய_குமாஸ்தா:

மெக்கானிக் தம்பி சொன்ன போட்டோ விஷயம் தங்கம். அதோடு சேர்த்து இதையும் செய். சேதத்தை ஒரு மனுவாக எழுதி இரண்டு பிரதி கொண்டு போ, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் சீலும் வாங்கு. வாங்க மறுத்தால் சண்டை போடாதே, போக்குவரத்து உதவி ஆணையருக்கு அதே மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு.

இன்ஷூரன்ஸ் விஷயத்தை மறந்துவிட்டேன். அதை முதலில் சரி செய், வண்டியைத் தொடுவதற்கும் முன்னால். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. பணம் கூடப் பரவாயில்லை, அந்த நேரம் பார்த்து யார் மேலாவது பட்டுவிட்டால் குடும்பமே உட்கார்ந்துவிடும். இன்றிரவே ஆன்லைனில் எடுத்துவிடு, ஆனால் எந்தத் தேதி எந்த மணியில் இருந்து அமலுக்கு வருகிறது என்று பாலிசியில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடு. முழு பாலிசி என்றால் இடையில் விட்டுப் போனதால் வண்டியைப் பார்க்க வேண்டும் என்பார்கள். பயப்படாதே, 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, போகாது.

தேரடி_அக்கா:

தம்பி, அப்பாவை நல்லா பார்த்துக்கோ. முதல் ஒரு மாதம் மாத்திரை ஒரு வேளை கூடத் தவறக் கூடாது, என் வீட்டுக்காரருக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

உன் கதையைப் படித்ததும் எங்கள் கதை ஞாபகம் வந்தது. எங்களுடையது போலீஸ் இழுத்தது இல்லை, நாங்களே கூப்பிட்டு மாட்டிக்கொண்டது. மணலி பக்கம் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் எங்கள் கார் நின்றுவிட்டது. ராத்திரி எட்டு மணி, முன்னாலும் பின்னாலும் டிரெய்லர், பிள்ளைகள் அழுகிறார்கள். யாரோ ஒருவர் நம்பர் கொடுத்தார், ரெக்கவரி வண்டி வந்தது. எவ்வளவு என்று கேட்டதற்கு "முதல்ல ஏத்துங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள், நாங்களும் ஏற்றிவிட்டோம். அங்கேதான் தப்பு. எங்கள் மெக்கானிக்கிடம் விடச் சொன்னால் ராத்திரி திறந்திருக்காது என்று அவர்கள் ஷெட்டுக்குக் கொண்டு போய், மறுநாள் 6,500, அப்புறம் நாளுக்கு 500 வாடகை, பணம் வரும் வரை சாவி தர மாட்டோம் என்று நின்றார்கள். கொடுத்துத்தான் எடுத்தோம். ஆனால் ஜி.பே.யில் கொடுத்தோம், ரொக்கமாகக் கொடுக்கவில்லை, அதுதான் பிறகு கை கொடுத்தது. 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்தோம், பேச்சு நடத்தி 2,500 திரும்ப வந்தது. வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்று முடிவு செய்திருந்தோம், 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணமே கிடையாது.

குமாஸ்தா ஐயா, இந்தத் தம்பியின் விஷயத்துக்கு அங்கே போக முடியுமா? அந்த ரெக்கவரி ஆளும் தனியார்தானே?

கோர்ட்_பழைய_குமாஸ்தா:

நல்ல கேள்வி அம்மா. நீங்கள் காசு கொடுத்துக் கூப்பிட்ட சேவை, அதனால் நுகர்வோர் ஆணையம் சரி. தம்பி யாரையும் கூப்பிடவில்லை, போலீஸ் உத்தரவில் இழுத்தது, அங்கே "நீ நுகர்வோரே இல்லை" என்று முதல் வாதமாக வைப்பார்கள். அவனுக்கு நான் சொல்கிற வழி தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு பக்கத்தில் மனு. இழுவைக் கட்டணத்தை நிர்ணயித்த உத்தரவின் நகல், வாடகை வசூலிக்க அனுமதி தந்த உத்தரவின் நகல், என் வண்டியை இழுத்த இடம் நோ பார்க்கிங் என்று அறிவித்த உத்தரவின் நகல். காரணம் கேட்டுக் கேள்வி எழுதாதே, நகல் மட்டும் கேள். 30 நாளில் பதில் தர வேண்டும். தம்பி, அந்த இடத்தில் போர்டு இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாயா?

கல்மண்டபம்77:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று ராத்திரியே இன்ஷூரன்ஸ் எடுத்தேன், நள்ளிரவில் இருந்து அமல். அப்பாவிடம் கடிதம் நீட்டினேன், கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது என்று கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இ-செலான் ஆன்லைனில் இருந்தது, 500 கட்டினேன்.

ஸ்டேஷனுக்குப் பத்து மணிக்குப் போனேன், வண்டி கைக்கு வரும்போது மணி இரண்டே கால். முதலில் போட்டோ எடுத்தேன், அதற்கே ஒருவர் "எதுக்கு சார் இதெல்லாம்" என்றார், இன்ஷூரன்ஸுக்கு வேண்டும் என்று சொன்னேன், விட்டுவிட்டார். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், அதில் பிரச்சினை வரவில்லை. ரசீது கேட்டதும்தான் நின்றது. ரெக்கவரி ஆள் எஸ்.ஐ. பக்கம் பார்த்தார், எஸ்.ஐ. வேறு வேலையாக எழுந்து போனார், நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போடவில்லை. ரெண்டு மணி நேரம் கழித்து அவரே திரும்பி வந்து அந்த ஆளிடம் "எழுதிக் குடுத்து அனுப்புப்பா" என்றார். ஒரு சின்ன பில் புத்தகம் வெளியே வந்தது. 1,800 என்று வாயால் சொன்னது பில்லில் 1,200 ஆனது, வாடகையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஆக மொத்தம் 1,700.

சேதத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மனுவை வாங்கிக்கொண்டு பிரதியில் சீல் வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். வியாசை அண்ணன் ஷெட்டுக்கு முப்பதிலேயே ஓட்டிக்கொண்டு போனேன், பின்னால் தட தட என்ற சத்தம் பேசின் பிரிட்ஜ் ஏறும்போது நன்றாகவே கேட்டது. டயர் இரண்டும் மாற்றத்தான் வேண்டும் என்றார். பம்பர் கிளிப்புக்குக் காசே வாங்கவில்லை.

குமாஸ்தா ஐயா, இன்று சாயங்காலம் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். போர்டு இருக்கிறது. ஆனால் நான் நிறுத்திய இடத்தில் இருந்து பார்த்தால் அதன் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறது, கம்பத்தின் கீழ்ப் பாதி மட்டும்தான் தெரிகிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், தேதியோடு. நாளைக்குக் காலையில் ஸ்டாம்ப் வாங்கி மனுவை எழுதுகிறேன், எழுதியதை இங்கே போடுகிறேன், அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.